அள்ளியது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நிலா யாருக்கும் சொந்தமில்லை என்கிறார்கள். நடுக்கடலும் அப்படித்தான், ஆனால் பிடித்த மீன் பிடித்தவருக்கு. அதேபோல நிலாவில் தோண்டியதைத் தோண்டியவர் வைத்துக்கொண்டால் என்ன தப்பு?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: நிலாவில் சுரங்கம் வேண்டும் என்று வாதாடும் வழக்கறிஞர்களும் இந்த மீனைத்தான் காட்டுகிறார்கள். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் உரிமை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ நிலாவைத் தனதாக்கக் கூடாது என்கிறது. அள்ளிய மண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தச் சந்தில் நுழைந்துதான் 2015இல் அமெரிக்கா, எடுத்தது எடுத்த கம்பெனிக்கே என்று சட்டம் போட்டது. லக்சம்பர்க், ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் எல்லாம் பின்னாலேயே வந்தன. 2020இல் நாசா ஒரு கம்பெனியோடு, கொஞ்சம் நிலா மண்ணை ஒரே ஒரு டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. நிலா மண்ணை விற்கலாம், வாங்கலாம் என்று முன்னுதாரணம் காட்டத்தான் அந்த ஒரு டாலர்.

சரி, மீனுக்கு வருவோம். மீன் குஞ்சு பொரிக்கும். நிலாவின் தென் துருவத்தில், வெயிலே படாத பள்ளங்களில் கிடக்கும் பனிக்கட்டி பொரிக்காது. 2009இல் நாசா கேபியஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டு, எழும்பிய புழுதியை ஆராய்ந்தபோது எடையில் ஐந்தாறு சதவீதம் தண்ணீர் இருந்தது. அதை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்தால் ராக்கெட் எரிபொருள். எரித்தால் போனதுதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே உறைந்திருக்கக்கூடிய சூரிய மண்டலத்தின் கதையும் படிக்கப்படாமலே அதோடு போய்விடும்.

அப்புறம், கடல் பெரிது. இந்த இடம் சின்னது. தென் துருவத்தில் இருக்கும் ஷேக்கில்டன் பள்ளத்தின் அகலமே சுமார் 21 கிலோமீட்டர். அதன் விளிம்பில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் விழும் மேடுகள் சில உண்டு. சோலார் தகடுக்கு மேடு, தண்ணீருக்குப் பக்கத்திலேயே பள்ளம். இப்படி இரண்டும் சேர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னின்று பல நாடுகளைச் சேர்த்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் அறிவிக்கலாம் என்கிறது. அது தற்காலிகம், உரிமை ஆகாது என்றும் சொல்கிறது. சுரங்கம் முப்பது வருஷம் ஓடினால் வளையமும் முப்பது வருஷம் நிற்கும். பட்டா இல்லை என்பதைத் தவிர சொந்த நிலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு அதிக வருத்தம் நம் நாட்டின் மீதுதான். நிலாவின் வளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து, பலனில் எல்லா நாட்டுக்கும் பங்கு என்று சொன்ன 1979 நிலா உடன்படிக்கையில் இந்தியா 1982இல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. 2023 ஏப்ரலில் வந்த விண்வெளிக் கொள்கையோ, தனியார் நிறுவனங்கள் விண்வெளி வளத்தை எடுத்துச் சொந்தமாக்கலாம், விற்கலாம் என்கிறது. ஜூனில் ஆர்ட்டெமிஸிலும் சேர்ந்தாயிற்று. நிலாவில் தண்ணீரின் தடயத்தை உலகத்துக்குக் காட்டிய சந்திரயான்-1ஐ அனுப்பிய நாடு, முதலில் போகிறவருக்கே எல்லாம் என்ற வரிசையில் போய் நின்றிருக்க வேண்டாம்.

ஐ.நா. விண்வெளிக் குழுவில் இதற்கான விதிகளைப் பேச ஒரு பணிக்குழு இருக்கிறது. யார் எங்கே எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பொதுப் பதிவேடு, எடுப்பதற்கு உச்சவரம்பு, ராக்கெட் அனுப்ப வசதியில்லாத நாடுகளுக்கும் ஒரு பங்கு, சில பள்ளங்களில் யாருமே கைவைக்கக் கூடாது என்ற தடை. இந்த நான்கையும் முதல் சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே இந்தியா அங்கே எழுத்தில் கேட்க வேண்டும்.