எடை முள்ளைக் கருத்தடை மருந்து நகர்த்துமா?

கருத்தடை மருந்தையும் உடல் எடையையும் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களில் பலர் இன்றைய எடையை கிராம் சுத்தமாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் மருந்தைத் தொடங்கிய நாளில் எடை எவ்வளவு இருந்தது என்பதை ஏறத்தாழ எவருமே எழுதவில்லை. அந்த எண் இல்லாததால்தான் இந்த விவாதம் வீட்டிலும் மருத்துவர் அறையிலும் முடிவில்லாமல் நீள்கிறது.

எனக்கு வயது 29. குழந்தைக்கு இடைவெளி விடுவதற்காக நான்கு மாதங்களாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் மாதத்திலேயே இரண்டு கிலோ கூடிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயும் குறையவில்லை. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா? (பெரம்பூர் வாசகி)

முதல் மாதத்தில் கூடிய இரண்டு கிலோ கொழுப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடலின் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். முப்பது நாளில் அதைப்போல் இருமடங்கு உண்டிருந்தால் அது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன், கல்லீரலில் ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதன் தொடர் விளைவாகச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் சற்றே பிடித்து வைத்துக்கொள்கிறது. மார்பு கனப்பது, மோதிரம் இறுகுவது, எடை முள் ஏறுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இந்த நீரே காரணம். முதல் மூன்று மாதங்களில் இது தானாகத் தணிந்துவிடுவது வழக்கம்.

ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டின் என்னும் இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைகளைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை, இவற்றால் எடையில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை என்றது. அந்த 49 ஆய்வுகளில் நான்கே நான்குதான் மருந்து எடுக்காதவர்களோடோ, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடோ ஒப்பிட்டுப் பார்த்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே "எவருக்கும் ஒரு கிராம்கூடக் கூடாது" என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் உடம்பு போட்டுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாத்திரை அட்டையின் ஐந்தாவது நாளன்று காலையில், சிறுநீர் கழித்த பின், எதுவும் அருந்துவதற்கு முன் எடை பாருங்கள். அதே நாளில் இடுப்புச் சுற்றளவையும் ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். எடை ஏறி இடுப்பு அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் நீர். இரண்டும் மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். புரோஜெஸ்டின் சில பெண்களுக்குப் பசியைக் கிளறுவதுண்டு. ஆகவே இரண்டு வாரத்துக்கு உண்பதையெல்லாம் ஒளிவுமறைவின்றிக் குறித்துப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சுமார் 20 கலோரி இருக்கிறது. நாளுக்கு மூன்று ஃபில்டர் காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால், பாலைக் கணக்கில் சேர்க்காமலேயே மாதத்துக்கு 3,600 கலோரி ஆகிறது. பயிற்சிக் கூடத்திலிருந்து திரும்பும் வழியில் குடிக்கும் சர்க்கரை போட்ட பழச்சாறு இதில் தனி.

அட்டையின் நடுவில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழிந்தும் வீக்கம் தணியவில்லையென்றால், உங்கள் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் அளவு குறைந்த மாத்திரைக்கோ, ட்ராஸ்பைரினோன் என்னும் புரோஜெஸ்டின் சேர்ந்த மாத்திரைக்கோ மாற்றலாம். ட்ராஸ்பைரினோனுக்கு உப்பையும் நீரையும் வெளியேற்றும் மெல்லிய தன்மை உண்டு. அதைக் கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது குழந்தைக்குப் பின், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒன்றரை வருடத்தில் 58 கிலோவிலிருந்து 63 ஆகிவிட்டேன். நர்ஸ் "இது சகஜம்" என்கிறார். மாமியார் "ஊசியில் என்ன இருக்கிறது, நீ குறைவாகச் சாப்பிடு" என்கிறார். யார் சொல்வது சரி? (திருவொற்றியூர் வாசகி)

தொடக்க எடையைக் குறித்து வைத்திருக்கும் ஒரே வாசகி நீங்கள்தான். அதனால் உங்களுக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடிகிறது: ஊசியில் விஷயம் இருக்கிறது.

நீங்கள் போட்டுக்கொள்வது, 2017-இல் அரசு 'அந்தரா' என்ற பெயரில் குடும்பநலத் திட்டத்தில் சேர்த்த டி.எம்.பி.ஏ. ஊசியாக இருக்க வேண்டும். இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. 150 மில்லிகிராம் புரோஜெஸ்டின் ஒரே தடவையில் உடலுக்குள் போகிறது. கருத்தடை முறைகளிலேயே எடை கூடுவதற்குத் தெளிவான சான்று உள்ளது இதற்குத்தான். இந்த மருந்தைத் தயாரித்தவர்கள் தரும் விவரக் குறிப்பிலேயே, பயன்படுத்திய பெண்களுக்குச் சராசரியாக முதல் ஆண்டில் சுமார் இரண்டரை கிலோவும், இரண்டு ஆண்டு முடிவில் மொத்தம் சுமார் 3.7 கிலோவும் கூடியதாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. சராசரி என்பதால் ஒன்றுமே கூடாதவர்களும் அதற்குள் இருக்கிறார்கள், ஏழெட்டுக் கிலோ கூடியவர்களும் இருக்கிறார்கள்.

யாருக்குக் கூடும் என்பதை ஓரளவு முன்பே அறியலாம். முதல் ஆறு மாதத்துக்குள், அதாவது இரண்டு ஊசிக்குள், தொடக்க எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியவர்களுக்கு அதன் பிறகும் தொடர்ந்து ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 58 கிலோவில் ஐந்து விழுக்காடு என்பது 2.9 கிலோ. உங்கள் ஊசிப் பதிவு அட்டையைப் புரட்டி, ஆறாம் மாதத்தில் 61-ஐத் தொட்டிருந்தீர்களா என்று பாருங்கள். தொட்டிருந்தால் அன்றைக்கே மாற்று முறையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். "சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஒவ்வொரு ஊசியின் போதும் எடை பார்த்து அட்டையில் எழுதுவதற்கும் இரண்டு நிமிடம்தான் ஆகும். இதில் மருத்துவத் துறையினரான எங்கள் தரப்பின் குறையை நான் மறைக்க விரும்பவில்லை.

மாமியார் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. இந்த ஊசியால் எடை கூடுவதற்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படுவது பசி மிகுதி. ஆனால் பசியே மருந்தால் கிளறப்படும்போது, "வாயைக் கட்டு" என்ற அறிவுரை அவ்வளவாகப் பயன்படாது. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, முட்டை, மீன், பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றைக் கூட்டினால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பட்டினி கிடக்கவே கூடாது.

முறையை மாற்ற விரும்பினால், அடுத்த ஊசித் தேதிக்கு முன்பே காப்பர் டி பொருத்திக்கொள்ளலாம். அல்லது 'சாயா' என்ற பெயரில் அரசு மையங்களில் கிடைக்கும் சென்ட்குரோமான் மாத்திரையைத் தொடங்கலாம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த மாத்திரை ஸ்டீராய்டு ஹார்மோன் வகையைச் சேர்ந்ததல்ல. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவதுதான் இதன் முக்கியத் தொந்தரவு.

ஊசியை நிறுத்தியதும் எடை மளமளவென்று இறங்கிவிடாது. மருந்து உடலைவிட்டு அகலவே பல மாதங்கள் ஆகும். கருத்தரிக்கும் திறன் திரும்பவும், கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆவதுண்டு. அதற்காக "இன்னும் ஊசி வேலை செய்யும்" என்று நம்பி வெறுமனே இருந்துவிடக் கூடாது. இந்த ஊசி மோசமானது என்று நான் சொல்லவும் இல்லை. தினமும் மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும், ஈஸ்ட்ரோஜன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், வீட்டில் எவருக்கும் தெரியாமல் தம் உடலைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களுக்கும் இது பெரிய துணை.

என் மகளுக்கு வயது 21, எடை 74 கிலோ. பி.சி.ஓ.டி. இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைச் சாப்பிட்டால் இன்னும் ஊதிவிடுவாள், பிறகு குழந்தையும் தங்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கு முன் எடையைக் குறைக்க வேண்டும். (மேற்கு மாம்பலம் வாசகி)

இரண்டு பயங்களுமே வேண்டாம், அம்மா. பி.சி.ஓ.டி. எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களுக்கு எடை எளிதில் ஏறுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. மாத்திரை எழுதப்படும் நேரமும் எடை ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பழி மாத்திரையின் மேல் விழுகிறது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதைத் தடுப்பதும், முகப்பருவையும் தேவையற்ற முடி வளர்ச்சியையும் கட்டுப்படுத்துவதுமே மாத்திரையின் வேலை. நிறுத்திய பிறகு கருத்தரிப்பதை அது கெடுப்பதில்லை.

மாத்திரை இன்சுலின் கோளாற்றைச் சரிசெய்யாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு எடை குறைய வேண்டும். அவளுக்கு ஐந்து விழுக்காடு என்றால் 3.7 கிலோ, அந்த அளவு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. முகூர்த்தத் தேதியை இலக்காக வைத்து மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ என்று கணக்குப் போடாதீர்கள். அப்படிக் குறைந்தது மறுவீட்டு விருந்துகள் முடிவதற்குள் திரும்பிவிடும். மாத்திரையைத் தொடங்குமுன் ரத்த அழுத்தம் பார்த்தார்களா, கண்முன் மின்னல் போலத் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டார்களா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். அந்தத் தலைவலி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதினால் எனக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

எடை குறைக்க டிர்ஸெபடைட் ஊசி வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறேன். கருத்தடை மாத்திரையும் எடுக்கிறேன். மாத்திரையால் ஊசியின் பலன் குறையுமா? (சோழிங்கநல்லூர் வாசகி)

கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். மாத்திரை ஊசியைக் கெடுப்பதில்லை. ஊசிதான் மாத்திரையைக் கெடுக்கக்கூடும். 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்த மருந்து, இரைப்பையிலிருந்து உணவு நகரும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் வாய்வழி எடுக்கும் கருத்தடை மாத்திரை ரத்தத்தில் சேரும் அளவும் குறைகிறது. ஆகவே ஊசியைத் தொடங்கிய முதல் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அளவைப் படிப்படியாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிச் சென்றால், அந்தக் காலம் முழுவதுமே ஆணுறை தேவை என்று பொருள். இது தொல்லையாகத் தோன்றினால் காப்பர் டி-க்கு மாறிவிடலாம். அது இரைப்பை வழியே செல்வதில்லை.

இதேபோன்ற இன்னொரு எடைக் குறைப்பு மருந்தான செமக்ளூடைடுக்கு இந்த அளவு பாதிப்பு காணப்படவில்லை. ஆனாலும் இவ்வகை ஊசி எதுவாயினும் வாந்தி வருவதுண்டு. மாத்திரை விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று விழுங்க வேண்டும். எடை குறையக் குறைய, முன்பு சரியாக வெளிவராத கருமுட்டை வெளிவரத் தொடங்கும் என்பதால், "எனக்குத்தான் எளிதில் தங்காதே" என்ற பழைய நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். கருவுற்றிருக்கும்போது இந்த ஊசிகள் கூடா. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் டிர்ஸெபடைடை ஒரு மாதம் முன்பும், செமக்ளூடைடை இரண்டு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு உடம்பு போட்டுவிட்டது. ஆபரேஷன்தானே காரணம்? (தாம்பரம் வாசகி)

இல்லை. அந்த அறுவையில் சினைக்குழாயைத்தான் வெட்டிக் கட்டுகிறார்கள். ஹார்மோன் சுரக்கும் சினைப்பைகளைத் தொடுவதே இல்லை. பெரும்பாலோர் இதை இரண்டாவது பிரசவத்தை ஒட்டியே செய்துகொள்கிறார்கள். கர்ப்பத்தில் கூடிய எடை, பிரசவ லேகியமும் நெய்யும், தூக்கமில்லாத இரவுகள், முப்பதை நெருங்கும் வயது ஆகியவை அதே சமயத்தில் ஒன்றுசேர்கின்றன. கத்தி பட்டது மட்டும் நினைவில் நிற்கிறது.

என் மனைவிக்கு வயது 41, எடை 82 கிலோ. அதிக ரத்தப்போக்குக்காகக் கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் பொருத்தச் சொல்கிறார்கள். எடை இன்னும் கூடுமா? (அண்ணா நகர் வாசகர்)

தயங்காமல் பொருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்டின் மட்டுமே அதிலிருந்து கசிகிறது. அதன் பெரும்பகுதி வேலையும் கருப்பைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இதைப் பொருத்திய சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல எடை கூடியிருக்கிறது. ஆனால் ஹார்மோனே இல்லாத காப்பர் டி அணிந்தவர்களுக்கும் அப்படிக் கூடியிருக்கிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்குக் கருப்பையின் உட்சுவர் தடிக்கும் அபாயம் அதிகம் என்பதால், இந்தச் சாதனம் அவருக்குக் கூடுதல் பாதுகாப்பும் தரும்.

தைராய்டு மாத்திரை எடுத்து வருகிறேன். கருத்தடை மாத்திரை தொடங்கிய பிறகு சோர்வும் எடையும் கூடுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வேளச்சேரி வாசகி)

இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டுகிறது. ஆரோக்கியமான தைராய்டு உள்ளவர்களுக்கு அந்தச் சுரப்பியே கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். வெளியிலிருந்து மாத்திரையாக எடுப்பவர்களுக்கு அந்த வசதி இல்லாததால், சிலருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கருத்தடை மாத்திரை தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கப் போகும் அன்றே எடையும் பார்த்து, அந்த முடிவுத் தாளின் ஓரத்தில் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள்.