79 பவுண்டு அறை 640 பவுண்டு ஆனது எப்படி?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன். கோவையிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். 70 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். ஆகஸ்டில் யார்க்கில் இரண்டு இரவு, எடின்பரோவில் இரண்டு இரவு தங்கி அவருக்குச் சுற்றிக் காட்ட ஆசை. '79 பவுண்டிலிருந்து' என்று விளம்பரம் பார்த்து உள்ளே போனால், யார்க்கில் வெள்ளி, சனி இரண்டு இரவுக்கே 640 பவுண்டு காட்டுகிறது. ஊருக்கு வெளியே தங்கினால் மிச்சமாகுமா? எதைப் பார்த்து ஹோட்டலை முடிவு செய்வது? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: முதலில் அந்த 640-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். பிரிட்டனின் மலிவு விலை செயின் ஹோட்டல்களில் ஃபேமிலி ரூம் என்றால் இரண்டு பெரியவர்கள், 15 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். ஐந்தாவது ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் என்பதால் இரண்டு அறை போட்டுக் கணக்கு வந்திருக்கிறது. இரண்டு அறை, இரண்டு இரவு. 640-ஐ நான்கால் வகுத்தால் ஓர் அறைக்கு ஓர் இரவு 160 பவுண்டு. ஆகஸ்ட் வார இறுதிக்கு யார்க்கில் இது ஆச்சரியப்படும் விலை இல்லை. நீங்கள் பார்த்த 79 ஏதோ ஒரு ஞாயிறு இரவுக்கு, ஒரே ஓர் அறைக்கு, காலை உணவு இல்லாமல், ரத்து செய்தால் பணம் வராத விலையாக இருந்திருக்கும்.

அதனால் ஹோட்டலைத் தேடும் முன் இரவைத் தேடுங்கள். யார்க், பாத், பிரைட்டன் போன்ற சுற்றுலா ஊர்களில் சனி இரவுதான் உச்ச விலை, அதற்கு அடுத்து வெள்ளி. அலுவலகங்கள் நிறைந்த இடங்களில் இது தலைகீழ். லண்டனின் சிட்டி பகுதி, கேனரி வார்ஃப், ரெடிங் போன்ற இடங்களில் செவ்வாய், புதன் விலை ஏறும். வார இறுதியில் இறங்கும். ஞாயிறு இரவு மட்டும் பெரும்பாலும் எங்கும் மலிவு, ஏனென்றால் சுற்றுலா வந்தவர்கள் கிளம்பிவிட்டிருப்பார்கள், வேலையாக வருபவர்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறையில்தானே போகிறீர்கள்? வெள்ளி, சனியை விட்டுவிட்டு ஞாயிறு, திங்கள் தங்குங்கள். அதே ஹோட்டல், அதே அறை, விலை மட்டும் வேறாக இருக்கும்.

அடுத்தபடியாக அந்தத் தேதியில் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யார்க்கில் ஆகஸ்டில் புதன் முதல் சனி வரை நான்கு நாள் ஈபோர் குதிரைப் பந்தயம் உண்டு. அந்த வாரம் அறைகள் பறந்துவிடும். கார்டிஃபில் பிப்ரவரி, மார்ச்சில் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி நடக்கும் நாட்கள், செல்ட்னமில் மார்ச் நடுவில் வரும் பந்தய வாரம், பல்கலைக்கழக ஊர்களில் ஜூலை மாதப் பட்டமளிப்பு நாட்கள் எல்லாம் இதே கதைதான். ஒரு தேதியில் ஊர் முழுக்க விலை எகிறி, அடுத்த வாரம் பாதியாக இறங்கினால் காரணம் ஹோட்டலில் இல்லை. தேதியை ஒரு வாரம் நகர்த்துவதுதான் வழி.

எடின்பரோவுக்கு ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மாதத் தொடக்கம் முதல் கடைசி வாரம் வரை ஃபிரிஞ்ச் கலைவிழா, கூடவே கோட்டையில் ராணுவ இசை அணிவகுப்பு. மற்ற மாதங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அறைக்கு அப்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை மூன்றாம், நான்காம் வாரத்தில் மூடிவிடுகின்றன. விழா தொடங்குவது ஆகஸ்டில். இடையில் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் உங்களுக்கு. மாமியார் இலையுதிர் காலம் வரை இருப்பார் என்றால் அக்டோபர் கடைசி வார அரையாண்டு விடுமுறை இன்னும் நல்லது; எடின்பரோ பள்ளிகளின் அக்டோபர் விடுமுறை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஆகஸ்ட்தான் என்று அடம்பிடித்தால் கிளாஸ்கோவில் தங்குங்கள். குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து எடின்பரோ வேவர்லிக்கு சுமார் 50 நிமிடம், பகலில் அடிக்கடி ரயில் உண்டு. ஆனால் அன்று கிளாஸ்கோவில் பெரிய இசை நிகழ்ச்சி ஏதும் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோவில் இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. 2026 ஜூலை 24 முதல் தங்கும் இரவுகளுக்கு, 2025 அக்டோபர் 1 முதல் செய்த முன்பதிவுகளுக்கு, அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் வருகையாளர் வரி. தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். காலை உணவு, பார்க்கிங்குக்கு இது கிடையாது. மான்செஸ்டர் மையத்திலும் 2023 ஏப்ரல் முதல் பல ஹோட்டல்கள் அறைக்கு இரவுக்கு 1 பவுண்டு வாங்குகின்றன. இப்படிக் கட்டாயமாக வாங்கும் தொகையை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 6 முதல் சட்டம். விருப்பப்பட்டு வாங்கும் காலை உணவு, பார்க்கிங், முன்கூட்டியே அறைக்குள் போகும் கட்டணம் இவையெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவை கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

ஊருக்கு வெளியே தங்குவது பற்றிக் கேட்டீர்கள். காரில் போகாத ஐந்து பேர் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கட்டாது. இங்கிலாந்தில் பல பஸ்களில் ஒரு வழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்டு. மூன்று பெரியவர்கள் போக வர 18, பிள்ளைகளுக்கும் சேர்த்தால் 25 பவுண்டை நெருங்கும். களைத்துப்போய் மாலையில் டாக்ஸி பிடித்தால் தீர்ந்தது. இரண்டு அறையிலும் பிடித்த மிச்சம் அதில் கரைந்துவிடும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்கும் வேறு ஊர் என்றால் மட்டும் கணக்கு சரியாக வரும். பாத் நகருக்குப் பதில் பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் அருகில் தங்குவது நல்ல உதாரணம். ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது.

ஹோட்டல் பெயரில் ஊர்ப் பெயர் இருப்பதை நம்ப வேண்டாம். ரிங் ரோட்டில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் கட்டிடத்துக்கும் ஊர்ப் பெயரைத்தான் வைப்பார்கள். அஞ்சல் குறியீட்டை வரைபடத்தில் போட்டு, நிலையத்திலிருந்து நடை நேரம் எவ்வளவு என்று பாருங்கள். எடின்பரோவில் அதுவும் போதாது. அந்த ஊர் இரண்டு அடுக்கு: கவ்கேட் தெரு மேலே போகும் பாலங்களுக்கு அடியில் ஓடுகிறது. வரைபடத்தில் இரண்டு அங்குலம் தள்ளித் தெரியும் இடத்துக்குப் போக ஒரு கட்டிட உயரம் படியேற வேண்டியிருக்கும். வேவர்லி நிலையத்திலிருந்து பழைய நகருக்குப் போகும் சந்துகள் பலவும் படிக்கட்டுகள்தான். முழங்கால் வலியோடு பெட்டியும் இழுத்துக்கொண்டு அங்கே ஏற முடியாது. போதாக்குறைக்கு கவ்கேட், கிராஸ்மார்க்கெட் பக்கம் இரவு இரண்டு மணிக்கும் சத்தம் அடங்காது. உங்களுக்கு ஹேமார்க்கெட் நிலையப் பக்கம் தோது. டிராம் வாசலிலேயே நிற்கும். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் டிராம் தடத்தின் மறு முனையான நியூஹேவன், லீத் கடலோரப் பகுதியில் பாருங்கள்.

யார்க்கில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பிளாசம் ஸ்ட்ரீட்டில் பிரீமியர் இன் என்ற செயின் ஹோட்டல் இருக்கிறது. தேசிய ரயில் அருங்காட்சியகமும் (அனுமதி இலவசம்) பக்கம்தான். ஆனால் மிக்கிள்கேட் தெருவைப் பார்த்த அறை வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் கும்பல்கள் சனிக்கிழமை பப் பப்பாக இறங்கி வரும் தெரு அது. கிளிஃப்டன் பக்கம் ஊஸ் ஆற்றங்கரையில் யூத் ஹாஸ்டல் ஒன்றும் உண்டு. பெயர்தான் யூத், குடும்பங்களுக்குத் தனி அறை தருகிறார்கள், தங்குபவர்கள் சமைக்க அடுக்களையும் இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். அடுக்குக் கட்டில் என்பதால் மாமியாருக்குக் கீழ்க் கட்டிலை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

செயின் ஹோட்டலுக்கே போவதானால், தேடும்போது 'மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகள்' என்று போடாமல் நீங்களே இரண்டு அறையாகப் பிரித்துப் போடுங்கள்: நீங்கள், கணவர், மகன் ஒன்றில், மாமியாரும் மகளும் ட்வின் அறையில் (இரண்டு தனிக் கட்டில் உள்ள அறை). ஒவ்வோர் அறையிலும் 18 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும் என்பார்கள், அதனால் பிள்ளைகளைத் தனி அறையில் போட முடியாது. விலை ஒப்பிடும் தளங்களை மட்டும் நம்பாதீர்கள். பிரீமியர் இன் பெரும்பாலும் தன் தளத்தில்தான் விற்கிறது, தனியாகப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஹப், இஸட் ஹோட்டல், ஈஸிஹோட்டல் போன்றவை இருவருக்கு மட்டுமான சின்ன அறைகள். சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது, அது விவரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஈஸிஹோட்டல், ஐபிஸ் பட்ஜெட் அறைகளில் கெட்டில் இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

மாமியாரின் அறையில் கவனிக்க வேண்டியது கட்டில் இல்லை, குளியலறை. செயின் ஹோட்டல்களில் பாத் டப்புக்குள் நின்று ஷவரில் குளிக்கும் அமைப்பு சகஜம். டப்பின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும், அடி ஈரத்தில் வழுக்கும், பிடித்துக்கொள்ளப் பல இடங்களில் கம்பி கிடையாது. தரை மட்டத்திலேயே ஷவர் உள்ள அறை வேண்டும் என்று கேளுங்கள். 'வெட் ரூம்' என்று சொன்னால் புரியும். அந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு, உடல் வசதி தேவைப்படுபவர்களுக்கென்று ஒதுக்கியவை. முழங்கால் நிலைமையைச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம். பழைய வீட்டை மாற்றிய பி அண்ட் பி (காலை உணவோடு அறை தரும் சிறு விடுதி) என்றால் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. அங்கே 'முதல் மாடி' என்றால் ஒரு தளம் ஏற வேண்டும், படிகளும் செங்குத்து. வெயில் காலத்தில் ஏசி இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக்காக ஜன்னல்கள் சில அங்குலத்துக்கு மேல் திறக்காது.

காலை உணவில் பணம் மிச்சம் பிடிக்கலாம். பிரீமியர் இன்னிலும் டிராவலாட்ஜிலும் ஒரு பெரியவர் முழுக் காலை உணவு வாங்கினால் இரண்டு பிள்ளைகளுக்கு இலவசம். ஆக ஒருவருக்கு மட்டும் வாங்கினால் மூன்று பேர் சாப்பிட்டாயிற்று. சைவக்காரரான மாமியாருக்கு ரொட்டிக்கும் பழத்துக்கும் 10 பவுண்டுக்கு மேல் கட்டுவானேன்? பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் தயிர், பழம், பன் வாங்கினால் போதும். ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் விலையில் காலை உணவு சேர்ந்தே வரும் என்பதால் ஒப்பிடும்போது அதைக் கழித்துப் பாருங்கள். அறையில் ரைஸ் குக்கர் வேண்டாம். ஆவியிலேயே புகை அலாரம் அலறும், மொத்தக் கட்டிடமும் வெளியே வந்து நிற்கும். சோறு வைத்தே ஆக வேண்டுமென்றால் அடுப்போடு வரும் அபார்ட்ஹோட்டல் பாருங்கள். யார்க்கிலும் எடின்பரோவிலும் ஸ்டேசிட்டி இருக்கிறது.

ரயில் என்றால் 35 பவுண்டு ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. மாமியாரும் அதே கார்டில் வரலாம். கார் என்றால் பார்க்கிங் இலவசமா, எந்த நிறுவனத்துடையது என்று கேளுங்கள். நுழைவாயில் கேமரா எண்ணைப் படிக்கும். ரிசப்ஷனில் இருக்கும் திரையில் கார் எண்ணை நீங்களே பதிய வேண்டும். தங்குபவர்தானே என்று விட்டுவிட்டால் 100 பவுண்டு வரை நோட்டீஸ் வரும், 14 நாளுக்குள் கட்டினால் 60.

விலை வகையில் உங்களுக்கு நான் சொல்வது ரத்து செய்யக்கூடியதுதான். வயதானவர் கூட வருகிறார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரலாம், ரயில் வேலைநிறுத்தம் என்றாலும் மலிவு விலையில் பிடித்த அறைக்குப் பணம் வராது. இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பித் தரலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் பிடித்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. முன்கூட்டியே பிடித்துவைத்துவிட்டு, பயணத்துக்கு இரண்டு வாரம் முன் மறுபடி பாருங்கள். விலை இறங்கியிருந்தால் புதிதைப் பிடித்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் இரண்டும் போய்விடும். எத்தனை மணி வரை ரத்து செய்யலாம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், உறுதி மின்னஞ்சலில் இருக்கும். கிரெடிட் கார்டில், நேராக ஹோட்டலிடமே, 100 பவுண்டுக்கு மேல் கட்டினால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பாகும். நடுவில் வேறு தளம் இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடலாம்.

போவதற்கு மூன்று நாள் முன் அந்த ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள். பொது எண்ணில் பேசுபவருக்கு அறைகள் எப்படி இருக்கின்றன என்று தெரியாது. இரண்டு அறையும் அடுத்தடுத்து, லிஃப்ட் பக்கம், தெருவைப் பார்க்காத பக்கம், ட்வின் கட்டில் போட்டு, வெட் ரூம் உறுதியா என்று கேளுங்கள். அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் தருவார்கள் என்பதால், காலையிலேயே போய்ச் சேர்ந்தால் பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.