கப்பல் பயணத்தில் பரிமாறப்படும் பழப் பையின் (pie) அடிமாவு ஏன் நமத்துப்போயிருக்கிறது?

பை என்பது மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் இனிப்பு. அது நமத்துப்போவதற்கான குறை பெரும்பாலும் சமையற்காரரின் கைத்திறனில் இல்லை; சுட்டு எடுப்பதற்கும் நம் தட்டுக்கு வருவதற்கும் இடையே கழியும் நேரத்தில் இருக்கிறது. ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர்தான். வெந்த துண்டுகள் அந்த நீரை விடும்போது, பூரணத்தில் சேர்த்த சோளமாவு ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மீதி மெல்ல அடிமாவுக்குள் இறங்கும். அன்றே சுட்ட பையை வெட்டினால் வெண்ணெய் அடுக்குகள் நொறுங்கும் ஓசை கேட்கும். ஆயிரக்கணக்கான பயணிகளுக்காக முன்கூட்டியே சுட்டுக் குளிரறையில் வைத்து, பஃபே மேசையில் வெட்டி அடுக்கிய துண்டிலோ, கரண்டியை அழுத்தினால் அடிப்பாகம் ஈரத்துணிபோல் சத்தமின்றி மடங்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மயாமியிலிருந்து புறப்படும் கப்பல்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது கீ லைம் பை, அதாவது கீ லைம் என்ற சிறு எலுமிச்சையின் சாற்றில் செய்யும் பை. 2006இல் ஃபுளோரிடா தன் அதிகாரபூர்வ மாநிலப் பையாக ஏற்றது இதைத்தான். எலுமிச்சையின் புளிப்பு, இனிப்பூட்டிய சுண்டிய பாலையும் முட்டையின் மஞ்சள் கருவையும் இறுகச் செய்வதால் நீர் கசிவது குறைவு. குளிரவைத்தே உண்ணப்படுவதால் காத்திருப்பு அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதன் இயல்பான நிறம் வெளிர்மஞ்சள்; பளிச்சென்ற பச்சையாக வந்தால் சாயம் கலந்தது என்று கொள்ளலாம்.

ஆப்பிள் பைதான் வேண்டுமென்றால், பஃபேயை விட்டு உணவுக்கூடத்தில் கேளுங்கள். மைக்ரோவேவில் அல்லாமல் ஓவன் அடுப்பில் சூடாக்கித் தரும்படி சொன்னால் மேலோட்டின் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும்.