ஒரு குவார்ட்டர் என்பது எத்தனை?

கேள்வி: ஆறு மாதமாகத் தொண்டு நிறுவனமொன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். வீடுகளுக்குப் போய் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் இல்லைங்க மேடம்” என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறவர்களிடமும் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது?

பதில்: மாமியாரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் எவர்தான் உண்மையைச் சொல்வார்? தனியே உட்காரவைத்து தூக்கம், சாப்பாடு, சுகர், பீடி என்று விசாரியுங்கள். அதே வரிசையில், “எல்லார்கிட்டயும் கேட்கிறதுதாங்க, வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போட உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ படிவத்தில் ஒரு டிரிங்க் என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். நம் ஊர்க் கணக்கோ குவார்ட்டர். 180 மி.லி., அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். “ஒண்ணே ஒண்ணுதாங்க” என்று ஒரு கொத்தனார் சொன்னதை அப்படியே ‘ஒன்று’ என்று குறித்து, மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அந்தப் படிவத்தில் பத்துக் கேள்விக்கு மொத்தம் 40 மதிப்பெண். மதிப்பெண் 8 முதல் 15 என்றால் எளிய அறிவுரை போதும். 16 முதல் 19 என்றால் ஆலோசனையும் தொடர் சந்திப்பும் வேண்டும். இங்கே புத்திமதி வேண்டாம். மதிப்பெண்ணைக் காட்டி, “குறைக்கணும்னு எவ்வளவு தோணுது, பத்துக்கு எத்தனை?” என்று கேளுங்கள். “நாலு” என்பார். “ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லலையே?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “பொண்ணு முகம் கொடுத்துப் பேசறதில்ல” என்று அவரே ஆரம்பிப்பார். அந்தக் காரணம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். அப்புறம் சம்பள நாளன்று கடைப் பக்கம் போகாமலிருக்க என்ன வழி என்பதையும் அவரே சொல்லட்டும். இரண்டு வாரத்தில் திரும்பப் போய்ப் பாருங்கள்.

20-ஐத் தொட்டாலோ, காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்றாலோ, “இன்றோடு விட்டுடுங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கார்த்திகையில் மாலை போட்டு ஒரே நாளில் குடியை விட்டவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தோடுதான் நிறுத்தவேண்டும். 14446 என்ற தேசிய உதவி எண்ணை வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள். சீட்டு மட்டும் கொடுத்தால் பாதிப் பேர் போகமாட்டார்கள், முதல் தடவை கூடவே போய்வாருங்கள்.