ஊசி குத்தாமலே ஈரலைப் பார்க்கலாம்

கேள்வி: எனக்கு 56 வயது, களுவாஞ்சிகுடி. பல வருடமாகச் சீனி வருத்தம். குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு, கிரேட் 2' என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளான ஏ.எஸ்.ரி 36, ஏ.எல்.ரி 36, பிளேட்லெட் 2 இலட்சத்து 10 ஆயிரம், எல்லாம் நோர்மலாம். சிரோசிஸ் இருக்கிறதா என்று அறிய ஈரலில் ஊசி குத்திச் சிறு துண்டு எடுத்துப் பார்க்கத்தான் (பயொப்சி) வேண்டுமா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. மற்றப் பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அல்லது வேறு ஈரல் நோய் என்று சந்தேகம் வந்தால்தான் ஊசி.

'கிரேட் 2' கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. நாம் தேட வேண்டியது தழும்பை. தழும்பு கூடிக் கூடி ஈரல் இறுகுவதுதான் சிரோசிஸ். அதன் ஆரம்பம் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடலாம், ஏ.எல்.ரி.யும் நோர்மலாகவே இருக்கலாம். குடிக்காதவருக்கு ஈரல் கெடாது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அப்படி இருந்துவிடக் கூடாது.

உங்கள் கையில் உள்ள றிப்போட்டே முதல் படிக்குப் போதும். தழும்புக்கான வாய்ப்பைச் சொல்லும் ஃபிப்-4 என்ற கணக்கு: வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்குங்கள், 2016. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (210) ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் (6) பெருக்குங்கள், 1260. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.6.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் சரி. 2.67ஐத் தாண்டினால் ஈரல் நிபுணரிடம் போக வேண்டும். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். நோர்மல் என்ற றிப்போட்டை வைத்தே இந்த இடம்!

ஒரு விஷயம் கவனம். மட்டக்களப்பில் மாரி மழையோடு டெங்கு வரும். அந்தக் காய்ச்சலில் பிளேட்லெட் 60 ஆயிரமாக இறங்கி, ஏ.எஸ்.ரி 120க்கும் ஏ.எல்.ரி 100க்கும் ஏறினால், உங்கள் 1.6 அப்படியே 11.2 ஆகிவிடும். ஈரலில் புதிதாகத் தழும்பு எதுவும் வந்திராது. காய்ச்சல் நேரத்து றிப்போட்டை இதற்கு எடுக்காதீர்கள். உடம்பு தேறிச் சில வாரம் கழித்து இரத்தம் கொடுங்கள்.

உங்களுக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கான். வலது விலாவின் மேல் கருவியை வைத்து, சிறு அதிர்வு அனுப்பி ஈரலின் இறுக்கத்தை அளப்பார்கள். வலி இல்லை, சில நிமிடம்தான். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்ட வயிறு இறுக்கத்தைக் கூட்டிக் காட்டும். அந்த இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் நிம்மதி. 12க்கு மேல் நிபுணர். 15ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்றே பலமாகச் சந்தேகிப்போம். அப்படி உறுதியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு இந்த 1.6ஐ எழுதிக் கொண்டுபோய், ஃபைப்ரோஸ்கானுக்குக் கடிதம் கேளுங்கள். இடையில் வயிறு வீங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.