மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சீட்டே போதுமா, குழந்தையின் பிறப்பைத் தனியாகப் பதிய வேண்டுமா?

முதலில் வாழ்த்துகள். அந்தச் சீட்டு போதாது. இன்ன தேதியில் இன்ன தாய்க்கு இங்கே குழந்தை பிறந்தது என்பதற்கு அது ஒரு அத்தாட்சி, அவ்வளவுதான். பிறப்புப் பதிவாளரின் பதிவேட்டில் விவரம் ஏறி, அதிலிருந்து எடுத்த சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பதிவு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியாவில் மருத்துவமனையே பதிவாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், சட்டப்படி அது அவர்கள் பொறுப்பு. இங்கிலாந்தில் பெற்றோர் நேரில் போய்ப் பதிய வேண்டும். ஆகவே இன்றைக்கே மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, தகவல் அனுப்பியாச்சா, எந்த அலுவலகத்துக்கு, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 21 நாள், இங்கிலாந்தில் 42 நாள், ஜப்பானில் 14 நாள், பிரான்சில் 5 நாள்தான். தவறினால் பதிய முடியாது என்றில்லை, ஆனால் அலைச்சல் கூடும்; இந்தியாவில் ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கப்புறமும் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது எழுத்துப் பிழையைத்தான். என் தங்கை குழந்தைக்காக நானும் கூடப் போயிருந்தேன், தாய் பெயரில் ஒரு எழுத்து மாறி அச்சாகியிருந்தது, கையெழுத்துப் போடும் முன்பே கண்ணில் பட்டதால் அங்கேயே திருத்திக் கொடுத்துவிட்டார்கள். அதுவே பதிவேட்டில் ஏறிய பிறகு என்றால் விண்ணப்பம், ஆதாரம், காத்திருப்பு என்று இழுக்கும், நடுவில் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் இருவர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டிலோ மற்ற அடையாள அட்டையிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, ஆணா பெண்ணா என்பது சரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பின்னால் கூட்டம் நின்றாலும் அவசரப்படாதீர்கள்.

இதைப் படிக்கிற தனியாக வளர்க்கும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்லணும். திருமணம் ஆகவில்லை என்பதற்காக ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியாமல் விடக்கூடாது. பிறந்தவுடன் பதியப்படுவது குழந்தையின் உரிமை என்று 1989இல் ஏற்கப்பட்ட ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவே சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2015இல், திருமணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்துக் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தைரியமாகப் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்றால் முதலில் அந்த நாட்டுப் பதிவை முடித்துவிட்டு உங்கள் தூதரகத்தைக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிந்தாக வேண்டும்.