மெம்ஃபிஸில் ஒரே ஒரு நாள்

கேள்வி: அமெரிக்காவில் நாஷ்வில் நகரிலுள்ள மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். இசைக்குப் பெயர்போன மெம்ஃபிஸைப் பார்க்க ஒரு நாள்தான் கிடைக்கும். எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகைக்கே பொழுது சரியாகிவிடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கிரேஸ்லேண்டை இம்முறை விட்டுவிடுங்கள். ஒரு பாடகர் வாழ்ந்த வீட்டைவிட, அந்த ஊரின் இசை பிறந்த இடங்களைப் பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

காலையில் முதலில் சன் ஸ்டுடியோ. 1954 ஜூலையில் எல்விஸின் முதல் இசைத்தட்டுக்கான பாடல் பதிவான அறை அது. அவருக்கு முன்பே ஹவ்லின் வுல்ஃப், பி.பி. கிங் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அங்கே பாடியிருக்கிறார்கள்.

அடுத்து, ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை அவசரப்படாமல் பாருங்கள். அந்த நிறுவனத்தை நடத்திய எஸ்டெல் ஆக்ஸ்டன், ஜிம் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையின அக்காவும் தம்பியும், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றை 1960இல் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியபோது, இருக்கைகளுக்காகச் சரிவாகப் போட்டிருந்த தரையைச் சமப்படுத்தாமலே விட்டுவிட்டார்கள். அங்கே பாடிய ஓடிஸ் ரெடிங்கின் பாடல்களில் கேட்கும் கனத்த, நெருக்கமான ஒலிக்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்பார்கள். அசல் கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே இடத்தில் எழுப்பிய கட்டடத்திலும் சரிவை விடாமல் அமைத்திருக்கிறார்கள். நடந்து பாருங்கள், பாதங்களுக்கே தெரியும்.

பிற்பகல் முழுவதையும் லொரெய்ன் விடுதிக்கு ஒதுக்குங்கள். இன அடிப்படையில் மக்களைப் பிரித்து வைத்திருந்த அந்நாளில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து பேச முடிந்த மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. 1965இல் பாடகர் வில்சன் பிக்கெட்டும் ஸ்டாக்ஸின் வெள்ளையினக் கிதார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் சேர்ந்து தங்கள் புகழ்பெற்ற பாடலை எழுதியது இந்த விடுதியில்தான். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4 அன்று இதே விடுதியின் 306ஆம் அறை வாசலில் சுடப்பட்டார். அன்றிரவுக் கூட்டத்தில் தமக்குப் பிடித்த பக்திப்பாடலை வாசிக்கும்படி ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டதே அவர் கடைசியாகப் பேசியது. இன்று கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்ட அருங்காட்சியகமாக இருக்கும் இங்கே, அந்த அறையைக் கண்ணாடி வழியே காணலாம். மாடி வராந்தாவில் ஒரு மலர்வளையம் இருக்கிறது. ஸ்டாக்ஸைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான், அந்த இசையையும் அந்தப் போராட்டத்தையும் பிரிக்க முடியாது என்பது மனத்தில் பதியும்.

இரவில் பீல் தெருவில் நேரடி ப்ளூஸ் கச்சேரி கேளுங்கள். லொரெய்ன் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிட்டுப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.